கல்லுள் நெய்யும் மன்னார்க் கடலும்

நம் ஊரின் பெயருக்குள்ளேயே எண்ணெய் இருக்கின்றது. இலுப்பைக்கடவை என்று சொல்லும்போது முதலில் நிற்பது இலுப்பை மரம். அதன் வித்தைச் செக்கிலிட்டு ஆட்டி வடித்த நெய்யே நம் முன்னோரின் கோயில் விளக்குகளையும் வீட்டுத் திண்ணை விளக்குகளையும் எரித்தது. பிற்காலத்தில் மண்ணெண்ணெய் கப்பலேறி வந்து இறங்கியதும் இலுப்பைநெய் மூலத்தானத்தோடு ஒதுங்கிக்கொண்டது. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை" என்னும் பழமொழியைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். கடந்த 20 ஆண்டுகளில் உலக எரிபொருட் சந்தையில் நிகழ்ந்தது ஏறக்குறைய இதுவே. ஊற்றெடுத்துப் பாய்ந்த எண்ணெய்க் கிணறுகள் அருகிவந்த காலத்தில், முன்னர் எவரும் பொருட்படுத்தாத களிப்பாறையை உடைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கத் துணிந்தனர் அமெரிக்கர். ஆயினும் பழமொழிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே இலுப்பைப்பூச் சர்க்கரையானது ஆலைச் சர்க்கரையின் விலையையே ஆளத் தொடங்கிவிட்டது.

தமிழாசிரியனுக்கு எண்ணெய்க் கிணற்றில் என்ன அலுவல் என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். காரணம் உண்டு. "மன்னார்க் கடலில் எரிவாயு இருக்கின்றதாம், பின் ஏன் எடுக்கவில்லை?" என்னும் வினா வகுப்பறையிலும், தேநீர்க் கடையிலும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் வாயிலும் இடையறாது எழுகின்றது. அதற்குக் கூறப்படும் விடைகள் பெரும்பாலும் இரண்டு. யாரோ மறைக்கின்றனர் என்பது ஒன்று. நாளையே எடுத்துவிடுவர், நாடு செழித்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா. உண்மை விடையின் பெரும்பகுதி மன்னார்க் கடலடியில் இல்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால், ரெக்சாஸ் மாநிலத்துக் களிப்பாறையில் இருக்கின்றது. அதனை இயன்றமட்டில் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெற்றோலியம் என்னும் சொல் இலத்தீன் மொழியிற் கல், நெய் என்று பொருள்படும் இரு சொற்களின் கூட்டு. தமிழிற் கல்நெய் என்று நேரே சொல்லிவிடலாம்; எரிபொருள் நிலையத்தில் அவ்வாறு கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிடுவர் என்பது வேறு. பண்டைக் கடல்களில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் சேற்றோடு கலந்து அடியிற் படிந்தன. மேன்மேலும் மண் மூடியது. வெம்மையாலும் அழுத்தத்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அவ்வுயிர்ப்பொருள் எண்ணெயும் வாயுவும் ஆயிற்று. சேறு இறுகிப் பாறையாயிற்று. அப்பாறையே ஷேல் எனப்படும் களிப்பாறை. எண்ணெயின் பிறந்தகம் அதுவே. அங்குப் பிறந்த எண்ணெயில் ஒரு பகுதி மெல்லக் கசிந்து மேலேறி மணற்பாறைத் துளைகளிற் புகும். அதன்மேற் கசிவிடாத பாறை மூடியிருப்பின் அங்கேயே தங்கிவிடும். உலகம் 150 ஆண்டுகளுக்கு மேலாகத் துளைத்து எடுத்து வந்தது இவ்வாறு புக்ககம் சென்ற எண்ணெயையே. பிறந்தகத்தைவிட்டு நீங்காத எண்ணெய் அங்கு உண்டு என்பதை அறிந்திருந்தும், இலாபம் வரும்படி எடுக்கும் வகையை எவரும் அறிந்திலர்.

ஏன் எடுக்க இயலவில்லை என்பதை நம் மாவட்டத்து மண்ணைக் கொண்டே விளக்கலாம். மன்னார்த் தீவின் மணற்பாங்கிற் சிறிது தோண்டினாலும் நீர் ஊறி நிற்கும். நம் பக்கத்து வயற்களியை அவ்வாறே தோண்டிப் பாருங்கள். களி நனைந்திருக்கும், கையிற் பிடித்தால் ஈரம் தெரியும், குழிக்குள் மட்டும் நீர் ஊறாது. நீர் இல்லாமை இதற்குக் காரணமன்று. துளைகள் மிக நுண்ணியனவாய் ஒன்றோடொன்று தொடர்பற்று இருத்தலே காரணம். மணற்பாறை எண்ணெய்க்கும் களிப்பாறை எண்ணெய்க்கும் உள்ள வேற்றுமை இதுதான். இலுப்பை வித்தில் நெய் இருக்கின்றது, வித்தை ஒழுகவிட்டால் நெய் வடியாது, செக்கு வேண்டும். நிலத்தின் கீழ் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்திற் செக்கு வைப்பது எப்படி என்பதே பொறியியலார் முன் நின்ற வினா.

அதற்கு விடை கண்டவருள் முதன்மையாகப் பேசப்படுபவர் ஜோர்ஜ் மிச்செல். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய ஏழை ஒருவரின் மைந்தர். ரெக்சாஸில் போட்வர்த் நகரை அடுத்த பாணெற் களிப்பாறையில் அவருடைய கம்பனி 1981-ல் முதற் கிணற்றைத் துளைத்தது. ஆண்டுக்கு ஆண்டு பணம் கரைந்தது, துறையறிந்தோர் நகைத்தனர். 1990-களின் இறுதியிலேதான், மணலும் சில இரசாயனங்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்தோடு செலுத்திப் பாறையை மயிரிழை மயிரிழையாகப் பிளக்கும் முறை கைகூடியது. நீர் பிளக்கும், மணல் அப்பிளவு மூடாமல் முட்டுக்கொடுத்து நிற்கும், வாயு வெளிப்படும். இதனோடு, நிலைக்குத்தாக இறங்கிய துளையைப் பாறைத்தட்டின் போக்கிலே கிடையாகத் திருப்பி ஓட்டும் முறையும் 2000-க்குப் பின் இணைந்தது. முன்னர் ஒரு தட்டைக் குறுக்கே குத்திச் சென்ற கிணறு, இப்போது அத்தட்டினுள்ளேயே கிலோமீற்றர்க் கணக்கில் ஊர்ந்து சென்றது. அரசு நடத்திய ஆராய்ச்சிகளும் இவற்றுக்குத் துணையாயின. 17 ஆண்டு நட்டத்தைத் தாங்கிய பிடிவாதம் மட்டும் மிச்செலினுடையது.

இடையே ஒரு வியப்பையும் குறிக்க வேண்டும். நம் கறிச்சட்டியில் வேகும் கொத்தவரையின் வித்திலிருந்து எடுக்கும் பசை, மணலை நீரில் மிதக்கவிட்டுக் கொண்டுசெல்லப் பல கிணறுகளிற் பயன்பட்டது. அவ்வித்தின் பெரும்பகுதி விளைவது இந்தியாவின் ராஜஸ்தானத்தில். 2012-ல் அதன் விலை ஏறிய ஏற்றத்தைக் கண்டு, இந்திய அரசு அதன் முன்பேர வாணிகத்தையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அமெரிக்கப் பாறைக்கும் பாலைநில உழவனுக்கும் உண்டான இத்தொடர்பை எந்தப் புலவன் கற்பனை செய்திருப்பான்!

இனி விளைவைக் காண்போம். அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1970-ல் உச்சம் எய்திப் பின் படிப்படியாக இறங்கி, 2008-ல் நாளொன்றுக்கு 50 இலட்சம் பீப்பாய் அளவில் நின்றது. இறக்கம் இனி ஏறாது என்பதே பொதுக் கருத்து. களிப்பாறை அதனைப் பொய்யாக்கியது. 2018-ல் அமெரிக்கா உலகின் முதல் எண்ணெய் உற்பத்தி நாடாயிற்று. 2024-ல் உற்பத்தி நாளொன்றுக்கு 1 கோடி 32 இலட்சம் பீப்பாய். எரிவாயுவின் கதை இதனினும் விந்தையானது. லூசியானாவிற் சபைன் கணவாயருகே, வெளிநாட்டு எரிவாயுவை இறக்குமதி செய்வதற்கென்று 2008-ல் ஒரு துறை கட்டி முடித்தனர். கட்டி முடிந்த வேளையிலே உள்நாட்டில் வாயு பெருகிவிட்டது. அத்துறையையே ஏற்றுமதிக்கு மாற்றி, 2016 பெப்ரவரியில் முதற் கப்பலை அனுப்பினர். சுழியத்திற்குக் கீழ் 162 பாகை வரை குளிரூட்டினால் வாயு திரவமாகிப் பருமனில் 600-ல் ஒன்றாகச் சுருங்கும். அவ்வாறு சுருக்கித்தான் கப்பலேற்றுவர். 2023 முதல் உலகில் அதனை மிகுதியாக விற்கும் நாடும் அமெரிக்காவே.

பண்டம் பெருகினால் விலை விழும் என்பது சந்தையறிந்த சிறுவனுக்கும் தெரியும். 2014 ஜூனில் பீப்பாய் 100 டொலரைக் கடந்து நின்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்குக் கீழ் விழுந்தது. இடையே 2014 நவம்பரில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் கூடின. உற்பத்தியைக் குறைத்து விலையைத் தாங்குவர் என்று உலகம் எதிர்பார்த்தது. அவர்கள் குறைக்கவில்லை. விலை விழுந்தால் செலவு மிகுந்த களிப்பாறைக் கிணறுகள் தாமே மூடிக்கொள்ளும் என்பது அவர்தம் கணக்கு. கம்பனிகள் பல முறிந்தன; கிணறுகள் நின்றன; எஞ்சியோர் செலவைக் குறைக்கக் கற்றுக்கொண்டு மீண்டும் எழுந்தனர். ஆயின், அவ்விலை வீழ்ச்சியின் நிழல் நம் கடலின்மேலும் படிந்தது. அதனை அறிய மன்னாருக்குத் திரும்ப வேண்டும்.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன், தென்பெருங்கண்டம் பிளவுபட்ட காலத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் தாழ்ந்து பள்ளங்கள் உண்டாயின. அவற்றிற் படிந்த மண்ணடுக்குகளே இன்றைய எண்ணெய்த் தேடலின் களம். ஒன்று காவேரிப் படுகை. தஞ்சை வயல்களின் கீழே தொடங்கிப் பாக்கு நீரிணையைக் கடந்து நம் வடபகுதி வரை அது பரந்துள்ளது. கரையில் நின்று நாம் காணும் கடலின் அடியில் இருப்பது அதுவே. மற்றது மன்னார்ப் படுகை. தீவுக்குத் தெற்கே, குடாவின் ஆழ்கடலின் கீழ் அது கிடக்கின்றது.

தேடல் புதியதன்று. 1961-ல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் தோன்றியது. 1970-களின் நடுவிற் சோவியத் பொறியியலாரின் துணையோடு பேசாலையில் மூன்று கிணறுகள் துளைக்கப்பட்டன. அறுபதைக் கடந்த நம் பழைய மாணவர் சிலருக்கு அக்கோபுரம் நினைவிருக்கலாம். 1976-ல் அமெரிக்கக் கம்பனியொன்று பாக்கு நீரிணையிலும் நெடுந்தீவுப் பக்கத்திலும் துளைத்தது. 1981-ல் மன்னார்க் குடாவில் ஒரு கிணறு இறங்கியது. அதற்கு இட்ட பெயர் முத்து. ஒன்றிலும் வாணிகத்துக்குப் போதிய பொருள் கிட்டவில்லை. பின்னர்ப் போர் வந்தது, தேடல் ஓய்ந்தது.

2003-ல் பெற்றோலிய வளங்கள் சட்டம் இயற்றப்பட்டுக் கடல் கூறுகூறாக வகுக்கப்பட்டது. 2008 ஜூலையில் மன்னார்ப் படுகையின் ஒரு கூறு, ஏறத்தாழ 3,000 சதுர கிலோமீற்றர், கெயான் கம்பனிக்கு அளிக்கப்பட்டது. 2011-ல் சிக்கியூ என்னும் ஜப்பானியத் துளைகப்பல் வந்து நின்றது. ஒக்டோபரில் முதற் கிணற்றிலேயே வாயு. டொறாடோ என்று பெயரிடப்பட்ட அவ்விடத்திற் கடலின் ஆழம் மட்டும் 1,350 மீற்றருக்கு மேல். அதன் அடியிலும் நிலத்தைத் துளைத்து, கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்குக் கீழே 25 மீற்றர்த் தடிப்புள்ள வாயு தாங்கிய மணற்பாறையைக் கண்டனர். அடுத்த மாதமே பரக்கூடா என்னும் இரண்டாம் கிணற்றிலும் வாயு. அதன் மொத்த ஆழம் 4,700 மீற்றரைக் கடந்தது. இலங்கைக் கடலில் ஐயத்துக்கிடமின்றி எரிவாயு காணப்பட்ட முதல் ஆண்டு 2011 என்க. அதன்பின் துளைத்த மூன்றாம் கிணறும், 2013-ல் துளைத்த நான்காவதும் வெறுங்கிணறுகளாயின.

வாயு இருந்தது, பின் ஏன் எடுக்கவில்லை? ஓர் ஒப்பீடு போதும். ரெக்சாஸிற் களிப்பாறைக் கிணறு ஒன்றைச் சில வாரங்களில், ஏறத்தாழ ஒரு கோடி டொலர் அளவிலான செலவில் முடித்துவிடலாம். பக்கத்திலே குழாய் இருக்கும், சாலை இருக்கும், வாங்குவோர் இருப்பர். விலை விழுந்தால் அடுத்த கிணற்றை நிறுத்திவைத்து, ஏறும்போது தொடங்கலாம். ஆழ்கடற் கிணற்றுக்கோ அதனினும் பன்மடங்கு செலவு. கிணறு முடிந்தபின்னும் கடலடிக் குழாய், கரையில் நிலையம், வாயுவை எரிக்கும் மின்னிலையம் ஆகிய யாவும் புதிதாக வேண்டும். பல ஆண்டுக் காலம் பணம் உள்ளே செல்லுமேயன்றி வெளியே வாராது. அத்தகைய முயற்சியில் இறங்குவோன், பத்தாண்டுக்குப் பின் வாயு என்ன விலை போகும் என்பதில் உறுதி வேண்டுவான். அவ்வுறுதியையே களிப்பாறை கெடுத்துவிட்டது. விலை சரிந்து கிடந்த 2015-ல், இவ்வளவு வாயுவை இவ்விலையில் எடுத்தல் இலாபமாகாது எனக் கண்டு கெயான் கம்பனி விலகிக்கொண்டது. எவரும் மறைக்கவில்லை. கணக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவே.

கடலுட் செல்வத்தின் விலையைத் தொலைவிலுள்ள சந்தை ஆளுதல் இக்கரைக்குப் புதிதோ? அரிப்புக் கடலின் முத்துப் பார்களை 1906-ல் ஓர் ஆங்கிலக் கம்பனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. முதலில் நல்ல விளைவு. பின்னர்ச் சிப்பிகள் பொய்த்தன. குத்தகைக் காலம் முடியுமுன்னே கம்பனி கலைந்தது. அக்காலத்திலேயே ஜப்பானில் மிக்கிமோத்தோ என்பார் சிப்பிக்குள் முத்தை வளர்க்கும் வித்தையில் முன்னேறியிருந்தார். வளர்ப்பு முத்து உலகச் சந்தையிற் பெருகியபின் இயற்கை முத்தின் விலை பழைய நிலைக்கு ஏறவில்லை. களிப்பாறை வாயு நம் காலத்து வளர்ப்பு முத்து.

இங்கு ஒரு சொற்குழப்பத்தையும் களைதல் வேண்டும். 2021, 2022 ஆம் ஆண்டுகளில், மன்னார்க் கடலின் வளம் நாட்டின் கடனையெல்லாம் பன்முறை தீர்க்கும் என்ற பேச்சு எங்கும் கேட்டது. வளம் வேறு, தேறிய இருப்பு வேறு. பாறையமைப்பை நோக்கி "இவ்வளவு இருத்தல் கூடும்" என மதிப்பிடுவது வளம். துளைத்து அறிந்து, அன்றைய விலையில் இலாபத்தோடு எடுக்கலாம் என நிறுவப்பட்ட அளவே இருப்பு. கடலில் உள்ள மீன் கூடையில் ஏறும்வரை கறிக்கு உதவாது. அதனினும் நுட்பமான ஒன்று, இருப்பு விலையோடு ஏறி இறங்கும் என்பது. பாறையில் ஒரு துளி கூடாமலே, விலை உயர்ந்தால் இருப்பு வளரும். விலை தாழ்ந்தால் சுருங்கும். எனவே மேடையிற் கூறப்படும் எண் எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்பதற்கு மாணவர் கூச்சப்படலாகாது.

2022-ல் நாம் பட்டது எவருக்கும் மறவாது. ஏப்ரலில் நாடு கடனை அடைக்க இயலாதென அறிவித்தது. ஜூன் இறுதியில் இன்றியமையாச் சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லையென்றாயிற்று. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. இலுப்பைக்கடவைக் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். கடலுக்குச் சென்று வரும் செலவு பிடிபட்ட மீனின் விலையை விழுங்கியது, படகுகள் கரையேறின. அதற்கு முந்திய 2021-ல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை வயல்களை வாட்டியிருந்தது. யூரியாவும் எரிவாயுவிலிருந்து ஆக்கப்படும் பொருளே என்பதை உழவர் பலர் அறியார். அவ்வாண்டு தடையாற் கிடையாத உரம், அடுத்த ஆண்டு விலையால் எட்டாததாயிற்று.

அந்த ஆண்டிற் களிப்பாறை என்ன செய்தது? உக்கிரேன் போரால் ருசிய வாயுவை இழந்த ஐரோப்பாவுக்கு அமெரிக்கக் கப்பல்கள் விரைந்தன. ஐரோப்பா குளிரில் விறைக்காமல் தப்பியதற்கு இது பெருந்துணை. ஆயின் பணமுள்ளோர் கூடுதல் விலை கொடுத்து வாங்கியபோது, பாக்கிஸ்தானும் வங்காளதேசமும் வாங்க வழியின்றி இருளில் மூழ்கின. வாயு உலகிற் பெருகியிருத்தல் வேறு, வறிய நாட்டுக்கு அது கிடைத்தல் வேறு என்பதை அவ்வாண்டு காட்டிற்று. இலங்கை இனிமேல் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்வதாகத் திட்டமிடுமாயின், இதனை மறந்து திட்டமிடலாகாது. கெரவலப்பிட்டியில் 300 மெகாவாற்று நிலையம் ஒன்று எரிவாயுவுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டும், ஆண்டுக்கணக்கில் எரியெண்ணெயையே குடித்து வந்தது.

களிப்பாறையின் எதிர்காலம் யாது? இதில் அறிஞரிடையே ஒருமை இல்லை. ஆயினும் சில உண்மைகள் தெளிவு. மணற்பாறைக் கிணறு பல ஆண்டு சீராகச் சுரக்கும். களிப்பாறைக் கிணறோ முதலாண்டிலேயே தன் சுரப்பிற் பாதிக்கு மேல் இழந்துவிடும். ஆதலின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்கலாம். புதுக்கிணறு துளைப்பது நின்றால் உற்பத்தி விரைந்து சரியும். சிறந்த இடங்களை முதலில் துளைத்துவிட்டனர். ரெக்சாஸ், நியூ மெக்சிக்கோ மாநிலங்களைத் தழுவிய பேமியன் படுகை ஒன்றே இப்போது எண்ணெயின் பெரும்பாரத்தைத் தாங்குகின்றது. வட டக்கோட்டாவின் பாக்கன் முன்போல் வளரவில்லை. பங்காளரும் முந்திய காலம்போற் கடன்கொடுத்துக் கிணறு துளைக்க இசையாது, ஆதாயத்தைக் கையிற் கேட்கின்றனர். எனவே எண்ணெயைப் பொறுத்தவரை, ஏறிய வேகத்தில் இனியும் ஏறும் என்று எதிர்பார்த்தற்கில்லை. எரிவாயு அவ்வாறன்று. பென்சில்வேனியாவிலுள்ள மாசெலஸ் பாறையில் அது ஏராளம். பேமியனில் எண்ணெயோடு தானே வருவதும் மிகுதி. கத்தாரும் தன் ஏற்றுமதியை விரிக்கின்றது. எரிவாயு இன்னும் பல்லாண்டு அகப்படும் பண்டமாகவே இருக்கும் என்பது என் துணிபு.

அமெரிக்காவில் நடந்தது பிற இடங்களிலும் நடக்கும் என்று 2010 அளவிற் பலரும் நம்பினர். பெரிதும் நடக்கவில்லை. போலந்திற் பெருங்கம்பனிகள் துளைத்துப் பார்த்துத் திரும்பின. பிரான்சு 2011-ல் இம்முறையையே தடுத்தது. இங்கிலாந்து 2019-ல் நிலநடுக்க அச்சத்தால் நிறுத்திற்று. சீனாவிற் சிச்சுவான் பகுதியும், ஆசெந்தீனாவில் வாக்கா முவேத்தாவும் குறிப்பிடத்தக்க பயன் கண்டன. அமெரிக்காவில் நிலத்துக்கு உரியவனே கீழுள்ள கனிப்பொருளுக்கும் உரியவன். தன் வளவிற் கிணறு வந்தால் அவனுக்குப் பங்கு உண்டு. பிற நாடுகளில் அது அரசுக்குரியது. ஊரவனுக்கு இரைச்சலும் தூசியும் மட்டுமே பங்கு. எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை.

அவ்வெதிர்ப்பை நமக்கு அண்மையிலேயே கண்டோம். காவேரிப் படுகையின் அக்கரைப் பகுதியில் நரிமணம் முதலிய இடங்களிற் பலகாலமாக எண்ணெய் எடுக்கப்படுகின்றது. களிப்பாறை வாயுவுக்கு ஏற்றவை என இந்தியாவில் எண்ணப்பட்ட படுகைகளுள் இதுவும் ஒன்று. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகாபன் திட்டத்துக்கு எதிராக உழவர் திரண்டனர், மாணவரும் சேர்ந்தனர். 2020-ல் தமிழ்நாடு அரசு காவேரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. எண்ணெய், இயற்கை வாயு ஆகியவற்றைப் புதிதாகத் தேடித் துளைத்தலை அச்சட்டம் தடுக்கின்றது. ஷேல் வாயுவையும் பெயர் குறித்தே தடுக்கின்றது.

இக்கரையிலும் அதே படுகைதான். கடலடியிலன்றி நம் நிலத்தின் கீழுள்ள களிப்பாறையைப் பிளக்கலாமே என்று நாளை எவரேனும் கேட்டால், முதலிற் பார்க்கவேண்டியது நீரை. ஒரு கிணற்றைப் பிளக்கக் கோடிக்கணக்கான லீற்றர் நீர் வேண்டும். நாமோ மாரி மழையையும் குளத்தையும் நம்பி ஒரு போகம் விளைவிப்போர். பிளந்தபின் மேலே மீளும் உப்பும் இரசாயனமும் கலந்த நீரை எங்கே கொட்டுவது? ஒக்கலகோமா மாநிலத்தில் எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரை ஆழ்நிலத்துட் செலுத்தியதன் பயனாக நிலநடுக்கங்கள் பெருகின; 2016-ல் ஒன்று 5.8 அளவை எட்டியது. சுண்ணாம்புப் பாறையுள்ள வடபுலத்திற் கிணற்று நீர் கெடுவது எவ்வளவு எளிது என்பதற்குச் சுன்னாகமே சான்று. மின்னிலையக் கழிவெண்ணெய் சூழவுள்ள கிணறுகளிற் கலந்தமை பற்றிய வழக்கில், 2019-ல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. வழக்கு வென்றதால் கிணறு தெளிந்துவிடாது. வரண்ட வலயத்து நிலத்திற் களிப்பாறை பிளத்தல் எந்த விலையிலும் நமக்கு உதவாது என்பதே என் கருத்து.

ஆழ்கடல் வாயு வேறு. அதனைப் பாறை பிளந்து எடுக்கவேண்டியதில்லை. ஊரின் நீரைக் கேட்பதில்லை. கரி எரிப்பதினும் புகை குறைவு. நுரைச்சோலை 900 மெகாவாற்றுக் கரி நிலையத்தின் சாம்பலை எண்ணுவோர்க்கு அது சிறு நன்மையன்று. ஆயினும் குழாய் கசிந்தால் வெளிப்படும் மெதேன் கரியமில வாயுவினும் பன்மடங்கு வெம்மை தருவது. அதனோடு போட்டிக்கு இன்னொருவனும் நம் கரையிலேயே வந்து நிற்கின்றான். 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 100 மெகாவாற்று நிலையம் தொடங்கியது. காற்றுக்கு ரெக்சாஸ் விலை குறிப்பதில்லை. அதற்காகக் காற்றாலை குற்றமற்றதென்றும் சொல்லேன். நீரோட்டத்தை மறிக்கின்றது, வலசைப் பறவைகளுக்கு ஊறு என்றெல்லாம் தீவு மக்கள் முறையிட்டு 2025-ல் வீதியில் இறங்கினர். மன்னாரிலும் பூநகரியிலும் பெருந்திட்டம் வகுத்திருந்த இந்தியக் கம்பனி அவ்வாண்டு பெப்ரவரியில் விலகியது. அங்கும் விலைப் பிணக்கே முன்நின்றது.

ஆக, மன்னார் வாயு மேலே வருவதற்கு மூன்று பொருந்த வேண்டும். உலக விலை பல்லாண்டு தாழாதிருத்தல் ஒன்று. கண்டெடுத்த இரண்டையும் இணைத்து எடுக்கத்தக்க அளவு மூன்றாவது கண்டுபிடிப்பு அமைதல் மற்றொன்று. வாயுவை வாங்கும் மின்னிலையமும், டொலரிற் பணம் கொடுக்கும் நம்பிக்கையான அரசும் இருத்தல் மூன்றாவது. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது பாறையின் கையில். மூன்றாவது மட்டுமே நாட்டின் வசம். 2021-ல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்து, பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. இன்றே ஒரு கம்பனி கையெழுத்திட்டாலும் வாயு கரை சேரப் பத்தாண்டு அளவாகும். அப்பத்தாண்டில் எரிவாயுவின் தேவை எப்படியிருக்கும் என்பதும் அக்கம்பனியின் கணக்கில் ஓர் எண். காலம் நம் பக்கம் அதிகம் இல்லை.

கடலைக் கூறிட்டு ஏலம் கூறும் செய்தி அடுத்தமுறை வரும்போது, நம் பழைய மாணவர் சட்டத்தரணிகளாயும் பொறியியலாளராயும் கணக்காளராயும் பலர் உளர். அவர்கள் பார்க்கவேண்டிய இடங்கள் சில. வாயுவின் விலை எதனோடு பிணைக்கப்படுகின்றது? அமெரிக்க வாயுவின் விலை லூசியானாவில் ஹென்றி ஹப் என்னும் ஒரு குழாய்ச் சந்தியிற் குறிக்கப்படுகின்றது; நம் ஒப்பந்தமும் அதனைச் சுட்டுமாயின் அதன் ஏற்ற இறக்கம் யார் தலையில்? நட்டம் வந்தால் அரசின் பங்கு யாது? நிலநடுக்க அளவைக் கப்பல்கள் மைல்கணக்கிற் கம்பி இழுத்துச் செல்லும் நாட்களில் வலை விரிக்கலாகாது என்றால், அந்நாட்கூலி யார் கொடுப்பது? ஒப்பந்தம் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படுமா? பேசாலையில் 1970-களில் துளைத்தபோது இவற்றை எழுதிக் கேட்பார் கரையில் இல்லை. பேராதனையிற் புவிச்சரிதவியற் பீடத்துறை உண்டு. நம் கல்லூரி விஞ்ஞானப் பிரிவிலிருந்து அத்துறைக்குச் செல்ல விரும்பும் மாணவர், உயர்தர வகுப்பிற் பௌதிகத்தையும் இரசாயனத்தையும் விடாது பற்றிக்கொள்ளுதல் நன்று. பாறையின் தமிழ்ப்பெயர்களை மட்டும் என்னிடம் வந்து கேட்கலாம்.